பிடுங்கி வைத்த ப்ளக்

ஆயாம்மா கதவைத் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி, "மெக்கானிக் எங்கம்மா?" என்பதுதான்.

தோள்பையோடு வாசலில் நின்ற பெண் தனக்குப் பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். படிக்கட்டில் யாரும் இல்லை. "நான்தாம்மா," என்றாள்.

"கூட யாரும் வரலையா?"

"கூட வர்றவங்களும் கடைசியில என்னைத்தான் கேப்பாங்க. அதான் தனியாவே வந்துட்டேன்."

ஆயாம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளாமல் உள்ளே கூட்டிப்போய், குளியலறைக்கு வெளியே நின்ற வாஷிங் மெஷினைக் காட்டினார். அந்தப் பெண் அதைத் தொடக்கூட இல்லை. எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"என்ன பண்ணுது?"

"சத்தம் போடுது."

"என்ன சத்தம்?"

"சத்தம்னா சத்தம்தான். காது கொடுத்துக் கேக்க முடியல."

"அப்படிச் சொன்னா எனக்கு ஒண்ணும் விளங்காதும்மா. அது எப்படிப் போடுதோ, அதே மாதிரி போட்டுக் காட்டுங்க."

"யாரு, நானா?"

"நீங்கதானே கூடவே இருந்து கேக்கறீங்க."

ஆயாம்மா கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்தார். மகன் நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்திருந்தான். பார்க்க மாட்டான் என்ற தைரியத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கட கட கட... கர்ர்ர்ர்," என்றார்.

"துவைக்கும்போதா, தண்ணி வெளிய போகும்போதா?"

"தண்ணி போகும்போது."

"கடகடன்னு வந்துட்டு அப்புறமா கர்ருன்னு இழுக்குதா, ரெண்டும் சேர்ந்தே வருதா?"

ஆயாம்மா யோசித்து இன்னொரு தடவை போட்டுக் காட்டினார். இந்த முறை செய்தித்தாள் குலுங்கியது.

"சிரிக்காதீங்க சார்," என்றாள் அந்தப் பெண், திரும்பாமலே. "உங்கம்மா நல்லா போடறாங்க. நிறைய பேருக்கு இந்த அளவுக்கு வராது."

எழுந்து சுவரிலிருந்து ப்ளக்கைப் பிடுங்கி மெஷினின் தலைமேல் வைத்தாள். வைத்த மறுநொடி ஆயாம்மாவின் கை தானாக அதை நோக்கிப் போனது.

"அது அங்கேயே இருக்கட்டும்மா. பிடுங்கின ப்ளக் என் கண்ணெதிர்ல இருந்தாதான் எனக்குக் கை ஓடும்."

பிறகு மெஷினின் கீழ் மூலையில், அத்தனை காலமாக ஆயாம்மாவின் கண்ணில் படாத ஒரு சின்ன மூடியைத் திறந்தாள். ஒரு தட்டை அடியில் வைத்து, உள்ளேயிருந்த திருகைக் கழற்றி, கொட்டிய தண்ணீரைப் பிடித்தாள். முழங்கை வரை கையை விட்டுத் துழாவி எடுத்தது ஒரு பட்டன்.

"தண்ணியை வெளிய தள்ற பம்புல போய் உக்காந்திருக்கு. இது யாரோட சட்டைப் பட்டன்?"

செய்தித்தாள் மெதுவாகக் கீழே இறங்கியது. மகன் தன் மார்பைக் குனிந்து பார்த்தான். "என்னுது," என்றான். அன்று அவன் பேசியது அந்த ஒரு வார்த்தைதான்.

அவன் பள்ளி வேன் ஓட்டுகிறவன். வேன் நிறையப் பிள்ளைகளின் கூச்சலைக் கேட்டுக் கேட்டு, வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்கவே கணக்குப் பார்ப்பான். அப்படிப்பட்டவன் அந்தப் பட்டனைத் தூக்கிப் போடாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டதை ஆயாம்மா கவனித்தார்.

அதற்குப் பிறகு, சொல்லி வைத்தாற்போல, அந்த வீட்டுச் சாமான்கள் ஒன்று மாற்றி ஒன்று படுத்துக்கொண்டன. இஸ்திரிப் பெட்டி சூடேற மறுத்தது. மிக்சி ஊமையானது. மேசை விசிறி நின்றுபோனபோது அந்தப் பெண் அதைத் திறந்து பார்த்துவிட்டு, சமையலறை வரை கேட்கும்படி சொன்னாள்.

"இது தானா நிக்கல. ஒரு வயரைக் கழட்டிவிட்டு, கழட்டினது தெரியாம இருக்க டேப்பும் சுத்தியிருக்காங்க. டேப் கூட ஒழுங்கா சுத்தத் தெரியல."

மகன் செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டான்.

"அடுத்த தடவை எதையும் கழட்டாதீங்க. போன் பண்ணுங்க, போதும். வர்றேன்."

அடுப்பின் முன்னால் நின்றிருந்த ஆயாம்மா பால் பொங்கி வழிவதைக்கூடப் பார்க்காமல் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த வருடம் முடிவதற்குள் அவள் அந்த வீட்டு மருமகள்.

மருமகள் தன்னைப் பற்றி அதிகம் பேசுகிறவள் இல்லை. துவரம்பருப்பு பொறுக்கும் நேரத்திலும் துணி மடிக்கும் நேரத்திலும் அவள் சிந்திய துண்டுகளை ஆயாம்மாதான் சேர்த்து முழுக்கதையாக்கிக்கொண்டார். தொழிற்பயிற்சி நிலையத்தில் அவள் ஒருத்திதான் பெண். முதல்நாள் வகுப்பில் எல்லாரும் அவளை அலுவலகத்து ஆள் என்று நினைத்து எழுந்து நின்றார்களாம். படிப்பு முடிந்து ஒரு சர்வீஸ் சென்டரில் வேலை கிடைத்தது. பெண்பிள்ளையை வீடு வீடாக அனுப்ப முடியாது என்று புகார் கேட்கும் மேசையில், தொலைபேசிக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். கையில் கருவிகள் இல்லை. காதில் ஒரு ஹெட்போன் மட்டும். அங்கேதான் அந்தப் பழக்கம் வந்தது. "சத்தம் போட்டுக் காட்டுங்க," என்பாள். பெரிய பதவிக்காரர்கள் போலப் பேசுகிறவர்கள்கூட, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வந்து, ஃப்ரிட்ஜ் மாதிரி பெருமூச்சு விட்டுக் காட்டினார்களாம். பாதிப் பேருக்கு அங்கிருந்தே வழி சொல்லிவிடுவாள். மெஷின் சரிந்து நிற்கிறது, ஃப்ரிட்ஜைச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள், அது பழுதில்லை, தண்ணீர் ஓடும் சத்தம்தான், பயப்படாதீர்கள். மீதிப் பேர் வீட்டுக்குப் போன ஆட்கள் திரும்பி வந்து என்ன சரிசெய்தார்கள் என்று சொல்லும்போது, தான் நினைத்ததுதானா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பாள். கேட்டுக் கேட்டு ஒருநாள் பொறுக்க முடியாமல் வேலையை விட்டுத் தோள்பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

"எனக்குக் காதால கண்டுபிடிச்சது போதும்னு ஆயிடுச்சு அத்தை. கையால தொட்டுப் பாக்கணும்னு இருந்துச்சு," என்று ஒருநாள் சொன்னாள்.

கல்யாணத்துக்குப் பிறகு வீட்டின் முன்னறை பட்டறையானது. சோபாவை மகன் மொட்டைமாடிக்கு ஏற்றினான். அந்த இடத்தில் ஒரு நீள மேசை, அதன்மேல் திருகாணி டப்பாக்கள், சுவரில் வரிசையாகத் தொங்கும் பெல்ட்டுகள். வந்து போகிறவர்கள் போடும் சத்தத்தில் தெருவே அந்த வீட்டைத் தெரிந்துகொண்டது. "உங்க மருமகள்கிட்ட மிக்சியைக் குடுத்துட்டு வர்றதுக்குள்ள எனக்குத் தொண்டை கட்டிப்போச்சு ஆயாம்மா," என்பார் மாடி வீட்டு அக்கா. "மிக்சி ஓடாட்டி என்ன, உன் தொண்டை நல்லாத்தான் ஓடுது," என்பார் ஆயாம்மா.

இங்கே ஆயாம்மாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவர் ஓய்வு பெறும்வரை மருத்துவமனை வார்டில் ஆயாவாக இருந்தவர். தெரு முழுக்க அதே பெயர் ஒட்டிக்கொண்டது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், தரை துடைக்க வந்த யாரோ ஒரு படுக்கையருகே சளி உறிஞ்சும் இயந்திரத்தின் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு அப்படியே போய்விட்டார்கள். கட்டிலில் கிடந்தவர் முகம் மாறுவதைப் பார்த்து ஓடிப்போய்ச் செருகியது ஆயாம்மா. மூச்சு திரும்பியது. அன்றிலிருந்து தொங்கும் ப்ளக் எதுவானாலும் அவர் கண்ணுக்கு அது யாரோ ஒருவரின் நின்றுபோன மூச்சு. செருக வேண்டும், ஸ்விட்சைப் போட வேண்டும், சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு நகர வேண்டும். வீட்டிலும் அதே கதை. "எங்க வீட்டுல சார்ஜர் தொங்கினாக்கூட அம்மாவுக்கு அது ஐ.சி.யூ. கேசு," என்று மகன் எப்போதாவது வாய் திறந்தால் கிண்டல் செய்வான். மருமகளும் சேர்ந்து சிரிப்பாள். சிரித்தபடியே, தான் வேலை செய்யும் சாமானின் ப்ளக்கைத் தன் கண்ணெதிரே எடுத்து வைத்துக்கொள்வாள்.

மாடி வீட்டு ஃப்ரிட்ஜ் வந்த அன்று அப்படி வைக்க முடியவில்லை. ஃப்ரிட்ஜின் உயிர் இருக்கும் இடம் அதன் முதுகுப்பக்கம், கீழே. அதைச் சுவருக்கும் மேசைக்கும் நடுவே திருப்பி நிறுத்திவிட்டு, மருமகள் பின்னால் இருந்த சந்தில் தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தாள். ப்ளக் முன்பக்கம், ஸ்விட்ச் போர்டுக்குக் கீழே, தொங்கிக்கொண்டிருந்தது.

கடைக்குப் போய்விட்டு வந்த ஆயாம்மாவின் கண்ணில் பட்டது ஒரு ஃப்ரிட்ஜும் ஒரு தொங்கும் ப்ளக்கும் மட்டும்தான். ஆள் இருப்பது தெரியவில்லை. கையிலிருந்த பையைக் கீழே வைக்காமலே செருகினார். ஸ்விட்சைப் போட்டார். விளக்கு எரிகிறதா என்று பார்க்கக் குனிந்தார்.

பின்னாலிருந்து கேட்டது அலறல்கூட இல்லை. சுவரில் ஒரு மோதல், திருகாணிகள் சிதறும் ஓசை. அவ்வளவுதான். வார்டில் பழகிய கை ஸ்விட்சை அணைத்தது, பழகிய கால் சந்துக்குள் ஓடியது, பழகிய விரல் நாடியைப் பிடித்துப் பார்த்தது. நாடி இருந்தது. கண் திறந்திருந்தது. மருமகளின் வலது கை மட்டும் தன்னுடையது இல்லை என்பதுபோல மடியில் கிடந்தது.

மருத்துவர் இதயம் நன்றாக இருக்கிறது என்றார். கை சில வாரங்களில் சரியாகும் என்றார். மருமகள் வீட்டுக்கு வந்ததும் சொன்ன முதல் வார்த்தை, "தப்பு என்னுதுதான் அத்தை. ப்ளக்கைக் கண்ணுக்குத் தெரியற இடத்துல வைக்கல."

"பேசாம படு," என்றார் ஆயாம்மா.

கை சரியாயிற்று. அதுதான் சங்கடமே. வாரங்கள் போன பிறகும் மருமகள், "இன்னும் மரத்த மாதிரியே இருக்கு," என்பாள். ஆனால் அந்தக் கையால்தான் தண்ணீர் நிறைந்த வாளியைத் தூக்கினாள், அந்தக் கையால்தான் ஊசியில் நூல் கோத்தாள். கட்டுப் பிரித்த கைகளை எத்தனையோ பார்த்தவர் ஆயாம்மா. கைக்கு ஒன்றுமில்லை என்று அவருக்குத் தெரிந்தது. மேசைமேல் கிடந்த சாமான்களில் ஒன்றைக்கூட அவள் திறக்கவில்லை. உரியவர்கள் வந்து ஒவ்வொன்றாக வாங்கிப்போனார்கள். மேசை கொஞ்சம் கொஞ்சமாகக் காலியானது.

இன்னொன்றையும் கவனித்தார். தான் முன்னறைக்குள் நுழையும்போதெல்லாம் மருமகளின் கண் ஒரு நொடி ஸ்விட்ச் போர்டுக்குப் போய்த் திரும்புகிறது. வேண்டுமென்று பார்ப்பதில்லை, கண் தானாகப் போகிறது. அதனால் ஆயாம்மா அந்த அறையைக் கடக்கும்போது முந்தானையை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடக்கப் பழகினார். கைக்கு வேலை கொடுத்துவிட்டால் அது வேறெங்கும் போகாது என்று கணக்கு.

"ஏன் அத்தை, குளிருதா?" என்று ஒருநாள் மருமகள் கேட்டாள்.

"ஆமா, லேசா."

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

பிறகு ஒருநாள் சாப்பிடும்போது மருமகள் தட்டைப் பார்த்தபடியே சொன்னாள். "பழைய சர்வீஸ் சென்டர்ல கூப்பிட்டாங்க. புகார் மேசைக்கு ஆள் வேணுமாம். அடுத்த மாசத்துலேர்ந்து வரேன்னு சொல்லிடலாம்னு இருக்கேன்."

"போன்ல பேசுற வேலைதானே?" என்றான் மகன்.

"ஆமா. கை வைக்க வேண்டியதில்ல."

மகன் அந்தப் பழைய பட்டன் கிடக்கும் சட்டைப் பையைத் தடவிக்கொண்டான். அவள் வெறுத்துப்போய் விட்டுவந்த மேசை அது. அதற்கே திரும்பிப் போகிறேன் என்கிறாள். அன்று மத்தியானம் ஆயாம்மா அலமாரியிலிருந்து தன் பயணப்பையை எடுத்துத் தூசி தட்டினார். தங்கை வீட்டுக்குப் போய்க் கொஞ்சகாலம் இருந்துவிட்டு வருவதாகச் சொன்னார். பின்னால் யார் நடக்கிறார்கள் என்று பயப்படாமல் இருந்தால் அவள் மறுபடி ஒரு திருகாணியையாவது தொடுவாள் என்று அவர் மனதில் பட்டது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

"எதுக்கு அத்தை இப்ப?"

"அவளைப் பாத்து நாளாச்சும்மா."

"போன வாரம்தானே வீடியோவுல அரைமணி நேரம் சண்டை போட்டீங்க?"

"அதான், நேர்ல போய் மிச்சத்தைப் போடணும்."

மருமகள் சிரித்தாள். சிரிப்பு கண் வரை வரவில்லை.

கிளம்பும் நாள் காலையில், எடுத்துப்போக வேண்டிய புடவைகளை எல்லாம் ஆயாம்மா வாஷிங் மெஷினில் போட்டார். மருமகள்தான் ப்ளக்கைச் செருகி ஓடவிட்டாள். ஆயாம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றார். மெஷின் வெகுநேரம் சமர்த்தாகச் சுழன்றது. தண்ணீரை வெளியே விட வேண்டிய கட்டத்தில் ஒரு முனகல் போட்டது. நின்றது. மறுபடி முனகியது. நின்றது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் சோப்புத் தண்ணீர் ததும்ப, அதில் ஆயாம்மாவின் புடவைகள் மீன்தொட்டியில் மிதப்பதுபோல மிதந்தன. தண்ணீர் இருக்கும்வரை கதவு திறக்காது.

மூன்று பேரும் அதன் முன்னால் நின்றார்கள். மருமகள் மெதுவாகக் கணவன் பக்கம் திரும்பினாள்.

"நீங்க எதையாவது கழட்டினீங்களா?"

"சத்தியமா இந்தத் தடவை நான் இல்ல," என்றான் மகன். பதறிப்போய் அவன் அத்தனை வேகமாகப் பேசியது ஆயாம்மாவுக்கே புதிதாக இருந்தது.

"வேற மெக்கானிக் யாரையாவது கூப்பிடு," என்றார் ஆயாம்மா.

அவன் போன் செய்தான். ஒருவர் எடுக்கவில்லை. இன்னொருவர் வாரக் கடைசியில் வருவதாகச் சொன்னார். "என்ன சத்தம் வருதுன்னு கேட்டாரா?" என்றாள் மருமகள்.

"இல்ல. என்ன மாடல்னு மட்டும் கேட்டார்."

மருமகள் கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, யாரும் எதிர்பாராமல், பழைய மாதிரியே மெஷினுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"அத்தை. கடைசியா நல்லா ஓடினப்போ, தண்ணி போற நேரத்துல எப்படிச் சத்தம் போட்டுச்சு?"

ஆயாம்மா தயங்கினார். தொண்டையைச் செருமினார். "ஹூஊஊ... சளசளசள."

"இப்ப?"

"ம்ம்ம்ம்... டக். ம்ம்ம்ம்... டக்."

"கடகட இல்லையே?"

"இல்ல. வாயில எதையோ அடைச்சுக்கிட்டுப் பேசற மாதிரி."

"சரிதான்," என்றாள் மருமகள். அந்த ஒரு சொல்லில் பல வாரங்களாகக் கேட்காத குரல் இருந்தது. "பம்புக்கு உயிர் இருக்கு. சுத்தப் பாக்குது, எதுவோ பிடிச்சுக்கிட்டு விட மாட்டேங்குது. துணியா, நூலா தெரியல. கையை விட்டாதான் தெரியும்."

கையை விட வேண்டும் என்று அவள் வாயாலேயே சொன்ன பிறகுதான் அது அவளுக்கே உறைத்தது போலிருந்தது. தண்ணீருக்குள், மெஷினுக்குள், முழங்கை வரை. அவள் இடது கை வலது கையைப் போய்ப் பிடித்துக்கொண்டது. ஆயாம்மா அடிமேல் அடி வைத்துப் பின்னால் நகர்ந்தார். கூடத்தைத் தாண்டி, வாசல் வரை போய்விட்டால் நல்லது என்று நினைத்தார்.

மருமகள் எழுந்து ஸ்விட்சை அணைத்தாள். ப்ளக்கைப் பிடுங்கினாள். வழக்கம்போல மெஷின்மேல் வைக்கப்போனவள், வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"குடு, நான் வச்சுக்கறேன்," என்று மகன் கையை நீட்டினான்.

"நீங்க பத்து நிமிஷத்துல வேன் ஞாபகம் வந்து இதை எங்கயாவது வச்சுட்டுப் போயிடுவீங்க. போய் ஒரு தட்டும் பழைய துண்டும் கொண்டாங்க." அவன் போனதும், "அத்தை, எங்க போறீங்க?" என்றாள்.

"இங்கதாம்மா. தள்ளி நிக்கறேன்."

"கிட்ட வாங்க."

"வேண்டாம்மா. நான் இருந்தா உனக்குக் கை ஓடாது. எனக்குத் தெரியும்."

மருமகள் அதை மறுக்கவில்லை. ப்ளக்கின் மூன்று ஊசிகளையும் கட்டைவிரலால் தடவியபடி யோசித்தாள்.

"இந்த வீட்டுல ப்ளக்கை ஒரு நொடி கூட மறக்காத ஆள் நீங்க ஒருத்தர்தான் அத்தை. நானே மறந்திருக்கேன். நீங்க மறந்ததில்ல."

ஆயாம்மாவின் முந்தானை கையிலிருந்து நழுவியது. வயரின் நீளம் போதுமா என்று மருமகள் ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். மெஷினுக்கு எதிரே, தான் கையை விடப்போகும் மூடிக்கு நேரே தரையைத் துடைத்து, அந்த இடத்தைக் காட்டினாள்.

"இப்படி என் முன்னாடி உக்காருங்க. இதை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்குங்க. நான் கையை வெளிய எடுத்து, போதும்னு சொல்ற வரைக்கும் இதை யார் கேட்டாலும் குடுக்காதீங்க அத்தை."